ரியூனியனில் கர்ப்பத்தின் நடு மாதங்கள்: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மசக்கை ஓய்ந்து, சாப்பாடு உள்ளே போக ஆரம்பித்து, வயிறு இன்னும் பாரமாகாத காலம் இது. நான்காம் மாதம் முதல் ஆறாம் மாத முடிவு வரை. ஊரில் இருப்பவர்கள் "இனி கவலை இல்லை, நிம்மதியாக இரு" என்பார்கள். உடம்பைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரிதான். ஆனால் இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரியூனியனில் முக்கியமான ஸ்கேன், சர்க்கரைப் பரிசோதனை, மருத்துவமனைப் பதிவு, காப்பீடு, உதவித்தொகை எல்லாமே இந்த மாதங்களில்தான் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் குறிப்பிட்ட வாரம் இருக்கிறது. அந்த வாரம் கடந்துவிட்டால் சிலவற்றைத் திரும்பப் பெற முடியாது.

புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கணவருடன் இங்கே வந்து சேரும் பெண்கள் பலருக்குப் பிரெஞ்சு சரளமாக வராது. இந்தத் தீவில் தமிழ் வம்சாவளியினர் ஏராளம். கோயில்கள் இருக்கின்றன, தைப்பூசக் காவடி இருக்கிறது. ஆனால் அலுவலகச் சன்னலில் தமிழில் பேச ஆள் கிடைப்பது அரிது. அலைந்து, கேட்டு, சில கதவுகளில் திரும்பி வந்து நான் தெரிந்துகொண்டவற்றை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். நீங்கள் அந்த அலைச்சல் படவேண்டாம்.

1. முதலில் வாரக் கணக்கைச் சரிசெய்யுங்கள்

இதைச் செய்யாமல் வேறு எதையும் தொடங்காதீர்கள். இங்கே இரண்டு கணக்குகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன.

மருத்துவர்களும் ஸ்கேன் அறிக்கையும் பயன்படுத்துவது கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணும் வாரம். அறிக்கையில் எண்ணுக்குப் பக்கத்தில் எஸ்.ஏ. என்ற இரண்டு எழுத்துகள் இருந்தால் அது இந்தக் கணக்கு. நம் ஊர் டாக்டர்கள் சொல்லும் வாரமும் இதுதான். எனவே இதில் குழப்பம் வராது.

காப்பீட்டு அலுவலகமும் உதவித்தொகை அலுவலகமும் மாதக் கணக்கில் பேசுகின்றன. அந்த மாதங்கள் கரு உருவான தேதியிலிருந்து எண்ணப்படுபவை. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய இரண்டு வாரம் வித்தியாசம். "ஆறாம் மாதம் பிறந்ததும்" என்று ஒரு கடிதம் சொன்னால், அது ஸ்கேன் அறிக்கையின்படி சுமார் 24-ஆம் வாரம். வீட்டில் பாட்டி விரல்விட்டு எண்ணும் மாதம் இந்த இரண்டிலும் சேராது. வளைகாப்புக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள், விண்ணப்பத்துக்கு வேண்டாம்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. இந்தியாவில் பிரசவத் தேதியை 40 வாரத்துக்குக் குறிப்பார்கள். பிரான்சில் 41 வாரத்துக்குக் குறிப்பது வழக்கம். ஆகவே சென்னையில் எழுதிக் கொடுத்த தேதியும் இங்கே எழுதும் தேதியும் ஒரு வாரம் தள்ளி இருந்தால் பயப்படாதீர்கள். குழந்தை வளரவில்லை என்று அதற்குப் பொருள் இல்லை. மகப்பேறு விடுப்பு முதல் எல்லாவற்றுக்கும் இங்கே எழுதிய தேதியே செல்லும். அதைக் கைப்பேசியிலும் கோப்பின் மேலட்டையிலும் எழுதி வையுங்கள்.

2. ஊரை விட்டுக் கிளம்பும் முன் கோப்பைத் தயார் செய்யுங்கள்

கர்ப்பத்தின் நடுவில் இங்கு வந்து சேர்பவர்களுக்கு இது மிக முக்கியம். இங்கிருந்துகொண்டு புதுச்சேரி நகராட்சியில் ஒரு சான்றிதழ் வாங்குவதற்கு உறவினர் ஒருவர் நாள் கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

கொண்டுவர வேண்டியவை: பாஸ்போர்ட், நீண்ட கால விசா அல்லது வதிவிட அட்டை, உங்கள் பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவுச் சான்றிதழ். சான்றிதழ்கள் இரண்டிலும் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்தில் முத்திரை (ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கானது) இருந்தால் பிறகு தொல்லை இல்லை. அதற்கு முன்னால் மாநில அளவிலான சான்றொப்பம் தேவைப்படுவதால் சில வாரங்கள் ஒதுக்குங்கள். அதன் பிறகு அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் பிரெஞ்சில் மொழிபெயர்த்து வாங்குங்கள். பக்கக் கணக்கில் கட்டணம் வாங்குவார்கள். வரிசை முக்கியம்: முதலில் முத்திரை, பிறகு மொழிபெயர்ப்பு. மாற்றிச் செய்தால் முத்திரையின் பக்கம் மொழிபெயர்க்கப்படாமல் நிற்கும்.

நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது பெயரில். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது; தலைப்பெழுத்து உண்டு. பிறப்புச் சான்றிதழில் தலைப்பெழுத்து இல்லாமல் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து ஒரு பெயர், திருமணச் சான்றிதழில் கணவர் பெயர் ஒட்டிக்கொண்டு ஒரு பெயர். இங்கே கணினி அவற்றை மூன்று பெண்களாகப் பார்க்கிறது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், வருவதற்கு முன்பே அதைச் சரிசெய்துகொள்ளுங்கள். இங்கே வந்த பிறகு எந்தப் படிவத்தை நிரப்பினாலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி எழுதுங்கள். கணவர் பெயரை நீங்களாகச் சேர்க்காதீர்கள். பிரான்சில் பெண்ணின் பிறப்புப் பெயரே கடைசி வரை கோப்பின் பெயர்.

மருத்துவக் காகிதங்களில் இரத்த வகை அறிக்கை, முதல் ஸ்கேன், எடுத்த இரத்தப் பரிசோதனைகள், போட்ட ஊசிகள், சாப்பிடும் மாத்திரைகளின் மூலப்பெயர்கள். இந்தியப் பிராண்டு பெயர் இங்குள்ள மருந்தகத்தில் யாருக்கும் தெரியாது. ஃபோலிக் அமிலமா, இரும்பா, தைராய்டு மாத்திரையா, எத்தனை மில்லிகிராம் என்று ஒரு தாளில் எழுதச் சொல்லி டாக்டரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

3. கர்ப்பத்தை அறிவியுங்கள், தாமதமானாலும்

மூன்றாம் மாத முடிவுக்குள் கர்ப்ப அறிவிப்பு போய்ச் சேர வேண்டும் என்பது விதி. மருத்துவரோ சாஜ்ஃபாம் எனப்படும் மருத்துவச்சியோ முதல் பரிசோதனையை முடித்ததும் கணினியிலேயே அனுப்பிவிடுவார். காகிதப் படிவமாகத் தந்தால் ஒரு பகுதி காப்பீட்டு அலுவலகத்துக்கும் மற்றவை குடும்ப உதவித்தொகை அலுவலகத்துக்கும் போக வேண்டும். ரியூனியனில் காப்பீட்டைப் பார்ப்பது சி.ஜி.எஸ்.எஸ்.; உதவித்தொகையைப் பார்ப்பது காஃப்.

நீங்கள் ஐந்தாம் மாதத்தில்தான் இங்கே இறங்கினீர்கள் என்றால் காலம் கடந்துவிட்டதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். வந்த வாரமே ஒரு மருத்துவரையோ சாஜ்ஃபாமையோ பார்த்து அறிவிப்பை அனுப்பச் சொல்லுங்கள்.

காப்பீட்டு உரிமை இரண்டு விதமாகத் தொடங்குகிறது. இங்கே வேலையில் சேர்ந்தால் உடனே. வேலை இல்லாமல் வதிவிட அடிப்படையில் என்றால், பொதுவாக மூன்று மாதம் நிலையாக இங்கே வசித்திருக்க வேண்டும். அந்த மூன்று மாதத்துக்கான சான்றுகளை முதல் நாளிலிருந்தே சேருங்கள்: விமான டிக்கெட், வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது. வீடு உறவினர் பெயரில் இருந்தால், அவர் தன் வீட்டில் உங்களைத் தங்கவைத்திருப்பதாக எழுதிய கடிதம், அவருடைய அடையாள அட்டை நகல், அவர் பெயரில் உள்ள ரசீது மூன்றும் சேர்ந்து போக வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் கோப்பு திரும்பி வரும். வங்கிக் கணக்கு விவரத் தாளும் கட்டாயம்.

பிறப்புச் சான்றிதழைச் சரிபார்க்கும் வரை உங்களுக்குத் தற்காலிக எண்தான் தருவார்கள். அந்த எண்ணுக்குப் பச்சை நிறக் காப்பீட்டு அட்டையான வித்தால் அட்டை வராது. அட்டைக்காகக் காத்திருந்து பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். உரிமைச் சான்று என்ற ஒரு தாளை அலுவலகம் தரும். அதுவே மருத்துவமனையிலும் ஆய்வகத்திலும் செல்லும். அதுவும் இல்லாத நாட்களில் கையிலிருந்து பணம் கொடுத்தால், மருத்துவர் தரும் சிகிச்சைத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். உரிமை தொடங்கிய தேதிக்குப் பிந்தைய தாள்களுக்குப் பணம் திரும்பக் கிடைக்கும்.

காப்பீடே இல்லை, தாள்களும் முழுமையாக இல்லை என்ற நிலையில் இருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. இலங்கையிலிருந்து வந்து புகலிடம் கேட்டிருப்பவர்களும் இதில் அடக்கம். டெபார்ட்மென்ட் என்ற மாவட்ட நிர்வாகம் நடத்தும் பி.எம்.ஐ. எனப்படும் தாய்சேய் நல மையங்களில் கர்ப்பப் பரிசோதனை இலவசம். மருத்துவமனைகளில் பாஸ் என்ற உதவிப் பிரிவு இருக்கிறது. காப்பீடு இல்லாதவர்களுக்காகவே அது. அங்குள்ள சமூகப் பணியாளர் உங்கள் கோப்பையும் தொடங்கிவைப்பார். தாள் இல்லையே என்ற பயத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடக்க வேண்டாம்.

4. யாரிடம் காட்டுவது, எங்கே பிரசவம்

நம் ஊரில் கர்ப்பம் என்றாலே பெரிய லேடி டாக்டர். இங்கே சிக்கல் இல்லாத கர்ப்பத்தை சாஜ்ஃபாமே முழுவதும் பார்க்கலாம். மாதந்தோறும் பரிசோதிப்பது, பரிசோதனைகளுக்கு எழுதித் தருவது, பிரசவத்துக்குத் தயார்படுத்துவது எல்லாம் அவர் பணி. என் அனுபவத்தில் நேரம் ஒதுக்கிப் பேசியவர்களும் அவர்களே. நான்காம் மாதத்திலிருந்து ஒரு நீண்ட உரையாடல் கட்டாயமாக உண்டு. 2020-லிருந்து அது விதி. பரிசோதனை எதுவும் இருக்காது. வீட்டில் யார் துணை, மனசு எப்படி இருக்கிறது, எதைப் பார்த்துப் பயம் என்று கேட்பார். கணவரை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்ல முடியாது என்றால், தனியாகச் சில நிமிடம் வேண்டும் என்று கேளுங்கள். கொடுப்பார்கள். அதன் பின் ஏழு தயாரிப்பு வகுப்புகள். இவை முழுக்கக் காப்பீட்டில் அடங்கும்.

மகப்பேறு மருத்துவமனையில் பெயர் பதிவதை ஐந்தாம் மாதத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். சென்-தெனி, சென்-பியேர், சென்-போல், சென்-பெனுவா ஆகிய ஊர்களில் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. தனியார் கிளினிக்குகளும் உண்டு. பேர் பெற்றது எது என்று பார்ப்பதைவிட, உங்கள் வீட்டிலிருந்து மாலை நெரிசலில் எவ்வளவு நேரம் என்று பாருங்கள். சிலாவோஸ் போன்ற மலையூரில் குடியிருந்தால், கடைசி மாதத்தைக் கடற்கரைப் பக்கம் யார் வீட்டில் கழிப்பது என்பதை இப்போதே பேசி முடியுங்கள். மழைக்காலத்தில் அந்த மலைச்சாலையில் பாறை சரிந்தால் வண்டி போகாது.

5. 22-ஆம் வார ஸ்கேன்

மூன்று ஸ்கேன்கள் இங்கே வழக்கம். நடுவில் வருவதுதான் பெரியது. குழந்தையின் மூளை, இதயத்தின் நான்கு அறைகள், முதுகெலும்பு, சிறுநீரகம், உதடு, கை கால் என்று ஒவ்வொன்றாக அளந்து பார்ப்பது. 20-ஆம் வாரத்துக்கும் 25-ஆம் வாரத்துக்கும் நடுவில் எடுக்க வேண்டும். 22-ஐ ஒட்டி எடுப்பதுதான் நல்லது.

நாள் கிடைப்பதுதான் கஷ்டம். முதல் ஸ்கேன் முடிந்து வெளியே வரும்போதே இரண்டாவதற்கு நாள் வாங்கிவிடுங்கள். புதிதாக வந்தவர்கள் ஒரே நாளில் பல இடங்களுக்குத் தொலைபேசியில் பேசுங்கள். இணையத்தில் இடம் இல்லை என்று காட்டினாலும், நேரில் பேசி வாரத்தைச் சொன்னால் இடம் பிறக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை என்றால் இன்னொரு கவனம் தேவை. அது புயல் காலம். சிவப்பு எச்சரிக்கை விட்டால் யாரும் வெளியே வரக்கூடாது. எல்லா முன்பதிவுகளும் ரத்தாகும். 2024 ஜனவரியில் பெலால் புயலும் 2025 பிப்ரவரி இறுதியில் கராஞ்ஸ் புயலும் தீவை முடக்கின. எனவே 24-ஆம் வாரத்துக்கு நாள் வாங்காதீர்கள். ரத்தானால் மறுபடி எடுக்க இடைவெளி இருக்கட்டும்.

போகும்போது மருத்துவர் எழுதிய சீட்டு, முதல் ஸ்கேன் அறிக்கை, உரிமைச் சான்று மூன்றும் கையில் இருக்க வேண்டும். வயிற்றில் எண்ணெய் தேய்க்கும் பழக்கம் நமக்கு உண்டு. சில நாள் முன்பிருந்தே எண்ணெயோ கிரீமோ பூசாமல் வரச் சொல்லும் இடங்கள் பல இருக்கின்றன. கணவர் உள்ளே வரலாம்; சிறு குழந்தைகளை அழைத்து வரவேண்டாம் என்று சொல்லும் இடங்களும் உண்டு.

அறை இருட்டாக இருக்கும். அரை மணி நேரம் மருத்துவர் பேசாமலே பார்ப்பார். அந்த மௌனம் நெஞ்சைப் பிசையும். ஆனால் அவர் அளவெடுக்கிறார். பேசாததற்கு வேறு காரணம் இல்லை. குழந்தை புரண்டு படுத்துக்கொண்டு முகத்தைக் காட்டாவிட்டால், கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வரச் சொல்வார்கள். மறுநாள் வரச் சொல்வதும் உண்டு. குறை இருப்பதாக நீங்களே முடிவுகட்டாதீர்கள்.

ஆணா பெண்ணா என்று இங்கே சொல்வார்கள். இந்தியாவில் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்கிறது. இங்கே தடை இல்லை. உங்களுக்குத் தெரிய வேண்டாம் என்றால், படுத்தவுடனே அதைச் சொல்லிவிடுங்கள். தெரிந்துகொண்டாலும் ஊருக்குச் சொல்வதா வேண்டாமா என்பதைக் கணவனும் மனைவியும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். பெண் என்று கேட்டதும் குரல் மாறும் உறவு உங்களுக்கு இருந்தால், அந்தச் செய்தி அவர்களுக்குப் பிரசவம் வரை போகவே வேண்டாம். இந்த மாதங்களில் உங்கள் மனம் அமைதியாக இருப்பதுதான் பெரிது.

டவுன் நோய்க்கான பரிசோதனை முதல் மூன்று மாதத்தில் எடுக்கப்படாமல் போயிருந்தால், 14-ஆம் வாரம் தொடங்கி 18-ஆம் வாரம் பிறக்கும் முன் இரத்தத்தில் மட்டும் பார்க்கலாம். எடுப்பதும் எடுக்காததும் உங்கள் விருப்பம். கையெழுத்து வாங்கித்தான் செய்வார்கள்.

6. சர்க்கரைப் பரிசோதனை

ரியூனியனில் நீரிழிவு மிக அதிகம். பிரான்சில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனை கட்டாயமில்லை. 35 வயதுக்கு மேல், உடல் எடை அதிகம், அப்பா அம்மா உடன்பிறந்தோரில் யாருக்காவது சர்க்கரை, முந்தைய பிரசவத்தில் குழந்தை பெரிது என்றால் எழுதுவார்கள். நம் குடும்பங்களில் சர்க்கரை இல்லாத வீடு குறைவு. அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே "என் அம்மாவுக்கு இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள்.

24-ஆம் வாரத்திலிருந்து 28-ஆம் வாரத்துக்குள் செய்வது இது. வெறும் வயிற்றில் ஒருமுறை இரத்தம் எடுத்து, 75 கிராம் குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கச் செய்து, ஒரு மணி நேரம் கழித்தும் இரண்டு மணி நேரம் கழித்தும் எடுப்பார்கள். அந்த நேரம் முழுவதும் ஆய்வகத்திலேயே உட்கார வேண்டும். காலை ஏழு மணிக்கே போங்கள். சில ஆய்வகங்கள் குளுக்கோஸை மருந்தகத்திலிருந்து வாங்கிவரச் சொல்லும்; முந்தைய நாளே கேட்டுவிடுங்கள். குளிரவைத்துக் குடித்தால் குமட்டல் குறையும். வாந்தி எடுத்துவிட்டால் அன்றைய பரிசோதனை செல்லாது. முடிந்ததும் சாப்பிட ஏதாவது பையில் இருக்கட்டும்; காரை நீங்களே ஓட்டிக்கொண்டு போக வேண்டாம்.

அறிக்கையில் எண்களைப் பார்த்துத் திகைக்காதீர்கள். இங்கே லிட்டருக்குக் கிராம் கணக்கு, 0.92 என்றால் நம் ஊர்க் கணக்கில் 92. வரம்பு வெறும் வயிற்றில் 0.92, ஒரு மணியில் 1.80, இரண்டு மணியில் 1.53. மூன்றில் ஒன்று அந்த வரம்பைத் தொட்டாலே கர்ப்பகால நீரிழிவு என்று எடுத்துக்கொள்வார்கள்.

அப்படி வந்தால் உணவியலாளரிடம் அனுப்புவார்கள். இங்கே எனக்கு ஆறுதலாக இருந்தது ஒன்று: இந்தத் தீவும் சோறு சாப்பிடும் தீவு. சோறு, பருப்பு வகை, கறி, ருகாய் என்ற காரத் துவையல் என்பதே இங்குள்ள தட்டு. ஆகவே "சோற்றை விட்டுவிடு" என்று சொல்லாமல், எவ்வளவு சோறு, எவ்வளவு சிலாவோஸ் பருப்பு, எவ்வளவு கீரை என்று அளவு சொல்லித் தருவார்கள். இட்லி, தோசை, சப்பாத்தி எத்தனை என்று எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

மற்ற இரத்தப் பரிசோதனைகள் பற்றிச் சுருக்கமாக: டாக்ஸோபிளாஸ்மா கிருமிக்கு எதிர்ப்பு உங்களிடம் இல்லை என்றால் மாதந்தோறும் பார்ப்பார்கள்; ஆறாம் மாதத்தில் இரத்தசோகை பார்ப்பார்கள்; இரத்த வகை நெகடிவ் என்றால் 28-ஆம் வாரத்தில் ஓர் ஊசி உண்டு, அதை மறக்கவிடாதீர்கள். கக்குவான் தடுப்பூசியை இந்த நடு மாதங்களிலிருந்தே போட்டுக்கொள்ளலாம். பிறக்கும் குழந்தைக்கு முதல் வாரங்களில் அதுதான் காவல்.

7. உடம்பு, சாப்பாடு, கொசு

தலைப்பிரசவம் என்றால் குழந்தையின் அசைவு 18 முதல் 22 வாரத்துக்குள் தெரியும். முதலில் அது உதையாக இருக்காது. வயிற்றுக்குள் வாயு நகர்வது மாதிரித்தான் தோன்றும். நஞ்சுக்கொடி முன்பக்கமாக இருந்தால் இன்னும் தாமதமாகும். ஸ்கேன் அறிக்கையில் அது எழுதியிருக்கும். எழுந்து திரும்பும்போது அடிவயிற்றின் ஓரத்தில் சுரீர் என்று இழுப்பதும், இரவில் கெண்டைக்கால் பிடிப்பதும் இந்த மாதங்களில் சாதாரணம். இழுப்பு தாளத்தோடு திரும்பத் திரும்ப வந்தால் மட்டும் அது வேறு.

சந்தையில் முருங்கைக்கீரை கட்டுக் கட்டாகக் கிடைக்கிறது. பிரேத் முருங் என்று கேளுங்கள். சனிக்கிழமை காலை சென்-பியேர் சந்தைக்கோ, வெள்ளி சனியில் சென்-போல் சந்தைக்கோ போனால் கறிவேப்பிலை, பாகற்காய், கத்தரிக்காய் எல்லாம் உண்டு. கீரையையும் பச்சையாகச் சாப்பிடும் காயையும் பலமுறை கழுவுங்கள். தோட்ட வேலைக்குக் கையுறை போடுங்கள். டாக்ஸோபிளாஸ்மா மண்ணிலிருந்து வரும் கிருமி. இரும்பு மாத்திரை எழுதியிருந்தால் தேநீரோடு சேர்க்காமல், எலுமிச்சை அல்லது ஆரஞ்சுச் சாற்றோடு சாப்பிடுங்கள்.

மீனில் ஒரு எச்சரிக்கை. இங்கே மலிவாகவும் முள்ளில்லாமலும் கிடைப்பது எஸ்பாதோன் என்ற வாள்மீனும் மார்லினும். இந்தப் பெரிய மீன்களில் பாதரசம் சேரும். கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும் என்பது பிரான்சின் அதிகாரபூர்வ அறிவுரை. சூரையைக் குறைத்துக்கொள்ளுங்கள். சிறு மீன்கள் நல்லவை. பதப்படுத்தாத பாலில் செய்த சீஸ், வேகாத இறைச்சி, மது எதுவும் வேண்டாம். விருந்துகளில் பழம் ஊறிய ரம்மை "ஒரு சொட்டு" என்று அன்போடு நீட்டுவார்கள், அன்போடு மறுத்துவிடுங்கள்.

கொசுவை இங்கே சாதாரணமாக எண்ணாதீர்கள். 2005-06-இல் சிக்குன்குனியா இந்தத் தீவின் மக்களில் மூன்றில் ஒருவரைப் பிடித்தது. 2025-இல் மறுபடியும் பரவியது. டெங்குவும் உண்டு. பிரசவத்தை ஒட்டித் தாய்க்குச் சிக்குன்குனியா வந்தால் குழந்தைக்குத் தொற்றிக் கடுமையாகத் தாக்கலாம். கர்ப்பிணிகளுக்கு ஏற்ற கொசு விரட்டி எது என்று மருந்தாளரிடம் கேட்டு வாங்குங்கள். பகலிலும் பூசுங்கள்; இந்தக் கொசு கடிப்பது பகலில். துளசித் தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீரை வாரந்தோறும் கொட்டுங்கள்.

வலிக்கு நீங்களாக மாத்திரை எடுக்காதீர்கள். இபுபுரூஃபேன் வகை மாத்திரைகள் ஆறாம் மாதத்திலிருந்து முற்றிலும் தடை. அதற்கு முன்பும் தவிர்க்க வேண்டியவை. ஊரிலிருந்து கொண்டுவந்த மருந்துப்பெட்டியில் அவை இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள்.

8. பணக் கணக்கு

கட்டாயமான ஏழு மாதாந்திரப் பரிசோதனைகளுக்கும் காப்பீடு முழுமையாகக் கொடுக்கிறது. முதல் இரண்டு ஸ்கேன்களுக்கு, ஐந்தாம் மாத முடிவு வரை, 70 சதவீதம்தான். மீதியை மியூத்துவெல் எனப்படும் துணைக் காப்பீடு கொடுக்கும். அது இல்லாதவர்கள் கையிலிருந்து கொடுக்க வேண்டும். வருமானம் குறைவு என்றால் அரசின் கூட்டுச் சுகாதாரத் துணைக் காப்பீட்டுக்கு விண்ணப்பியுங்கள்.

ஆறாம் மாதத்தின் முதல் நாளிலிருந்து பிரசவத்துக்குப் பின் 12-ஆம் நாள் வரை, கர்ப்பத்தோடு தொடர்பில்லாத சிகிச்சைக்கும் 100 சதவீதம். அந்த நாள் வந்ததும் வித்தால் அட்டையை மருந்தகத்திலுள்ள கருவியில் செருகிப் புதுப்பியுங்கள். புதுப்பிக்காவிட்டால் பழைய கணக்கிலேயே பணம் பிடிப்பார்கள். பல் பரிசோதனை ஒன்று நான்காம் மாதத்திலிருந்து இலவசம். ஈறில் இரத்தம் வரும் காலம் இது, விட்டுவிடாதீர்கள்.

100 சதவீதம் என்றால் அரசு நிர்ணயித்த கட்டணத்தில் 100 சதவீதம். சில நிபுணர்கள் அதற்கு மேல் வாங்கலாம். அந்த மேல்தொகை உங்களுடையது. நாள் வாங்கும்போதே "கட்டணம் எவ்வளவு, கூடுதல் உண்டா" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை, இங்குள்ளவர்களும் கேட்கிறார்கள். தனி அறைக் கட்டணமும் காப்பீட்டில் வராது.

காஃப் தரும் பிறப்பு உதவித்தொகை ஆயிரம் யூரோவுக்குச் சற்று மேல். குடும்ப வருமான வரம்புக்கு உட்பட்டது. ஏழாம் மாதத்தில் வரும். பார்க்கப்படுவது இரண்டு ஆண்டுக்கு முந்தைய வருமானம். அது இந்தியாவில் சம்பாதித்ததாக இருந்தாலும் கேட்பார்கள். சம்பளச் சான்றைக் கையில் வையுங்கள்.

9. வேலைக்குப் போகிறவர்கள்

முதல் இரண்டு குழந்தைகளுக்கு விடுப்பு 16 வாரம்: முன்னால் ஆறு, பின்னால் பத்து. மூன்றாவது குழந்தை என்றால் 26 வாரம். கட்டாயப் பரிசோதனைகளுக்குப் போகும் நேரத்துக்குச் சம்பளம் வெட்ட முடியாது. கணவரும் மூன்று பரிசோதனைகளுக்குச் சம்பளத்தோடு வரலாம். கர்ப்பச் சான்றை முதலாளிக்குப் பதிவுத் தபாலில், ஒப்புகைச் சீட்டோடு அனுப்புங்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டேன் என்பது பின்னால் ஒரு பிரச்சினை வந்தால் நிற்காது.

10. காத்திருக்கக் கூடாதவை

இரத்தப்போக்கு, நீர் கசிவு, தாளத்தோடு வரும் வயிற்று இறுக்கம், காய்ச்சல், விடாத தலைவலியோடு கண்ணில் மின்னல், முகமும் கையும் திடீரென்று வீங்குவது, தினமும் தெரிந்த அசைவு குறைவது. இவற்றில் ஒன்று வந்தாலும் மாதாந்திர நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். மகப்பேறு அவசரப் பிரிவு இரவும் பகலும் திறந்திருக்கும், நேரே போகலாம். நகர முடியாவிட்டால் 15-ஐ அழையுங்கள். பிரெஞ்சு வராதவர்கள் கர்ப்பிணி என்று பொருள்படும் "ஆன்செந்த்" என்ற சொல்லையும் வாரத்தின் எண்ணையும் வீட்டு முகவரியையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள். பதற்றத்தில் தெரிந்த சொல்லும் வாயில் வராது.

11. வளைகாப்பும் அம்மாவின் விசாவும்

வளைகாப்புக்கு ஊருக்குப் போக நினைப்பவர்கள் ஸ்கேன் முடிந்தபின், 28-ஆம் வாரத்துக்கு முன் போய்த் திரும்பும்படி டிக்கெட் எடுங்கள். 28-ஐத் தாண்டினால் பெரும்பாலான விமான நிறுவனங்கள் மருத்துவர் கடிதம் கேட்கும். சர்க்கரைப் பரிசோதனையும் அதே வாரங்களில் வருவதை மறக்காதீர்கள்.

அம்மா பிரசவத்துக்கு இங்கே வருவதென்றால் ஆறாம் மாதத்திலேயே வேலையைத் தொடங்க வேண்டும். பிரான்ஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசா ரியூனியனுக்குச் செல்லாது. ரியூனியன் என்று குறிப்பிட்டே விண்ணப்பிக்க வேண்டும். பாரிஸ் வழியாக வருவதானால் அதற்கும் சேர்த்துக் கேளுங்கள். விண்ணப்பத்துக்கு முன் நீங்கள் இங்குள்ள நகராட்சி அலுவலகத்தில் வரவேற்புச் சான்று வாங்க வேண்டும்: முத்திரைக் கட்டணம் 30 யூரோ, வீட்டின் அளவு தெரியும் ஒப்பந்தம், வருமானச் சான்று, உங்கள் வதிவிட அட்டை. பல நகராட்சிகளில் இதற்கே முன்கூட்டி நாள் வாங்க வேண்டும். மூலச் சான்றைத் தபாலில் ஊருக்கு அனுப்ப வேண்டும், நகல் ஏற்கப்படாது. அதற்கான நாட்களையும் கணக்கில் வையுங்கள். பயண மருத்துவக் காப்பீடும் தேவை.

கறிவேப்பிலை, கீரை, பழம், செடி எதையும் பெட்டியில் வைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். விமான நிலையத்தில் பறித்துக்கொள்வார்கள், இங்கேயே எல்லாம் கிடைக்கவும் செய்கிறது. பிரசவ லேகியம் கொண்டுவருவதானால் அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதை ஒரு சீட்டில் எழுதி வாங்கி, சாஜ்ஃபாமிடம் காட்டிவிட்டு உண்ணுங்கள்.